டீ ஷாட் வலது பக்கமே வளைஞ்சு ஓடுதா? கோல்ஃப் 'ஸ்லைஸ்' ஏன் வருது, எப்படி நிறுத்துறது?

மதுரையில் இருந்து அதிகாலையில் கிளம்பி, வத்தலக்குண்டு வழியாக மலை ஏறி, சுமார் 120 கிலோமீட்டர் பயணத்துக்குப் பிறகு கொடைக்கானல் கோல்ஃப் மைதானத்தில் நிற்கிறீர்கள். முதல் குழி. டீ மேல் பந்தை வைத்தாச்சு. பின்னாடி நாலு பேர் பார்த்துக்கிட்டு நிற்கிறாங்க. டிரைவரைச் சுழற்றி அடிக்கிறீர்கள். சத்தம் நல்லாத்தான் வருது, பந்தும் நேராத்தான் கிளம்புது. நூறு கஜம் தாண்டினதும் என்ன நினைச்சுதோ, வலது பக்கமா வளைய ஆரம்பிச்சு, மரக்கூட்டத்துக்குள்ள போய் மறைஞ்சிடுது.

"இடது பக்கமா பார்த்து நில்லுங்கண்ணே, சரியாயிடும்" என்கிறார் கூட வந்தவர். அடுத்த குழியில் அப்படியே செய்கிறீர்கள். இந்த முறை பந்து முன்னைவிட அதிகமாக வலது பக்கம் வளையுது!

கோல்ஃப் ஆடுறவங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான். பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கும் முதல் அட்வைஸே நோயை அதிகமாக்குகிற மருந்தாக இருக்கிறது. ஏன் அப்படி? சரியான வைத்தியம் எது? பார்க்கலாம்.

ஸ்லைஸ் என்றால் என்ன?

ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை அடிக்கிற இடம் 'டீ'. பந்தைத் தூக்கி வைக்கும் சின்ன ஆணி மாதிரியான குச்சிக்கும் அதே பேர்தான். அங்கே பெரும்பாலும் பயன்படுத்துவது 'டிரைவர்'. பையில் இருக்கிற மட்டைகளிலேயே நீளமானது, தலை பெரியது. வலது கை ஆட்டக்காரர் அடித்த பந்து காற்றிலேயே வலது பக்கமாக நிறைய வளைந்தால் அதுதான் ஸ்லைஸ். இடது கைக்காரர்கள் இந்தக் கட்டுரையில் வலது, இடது என்று வரும் இடத்தை எல்லாம் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

வலது பக்கம் வளைவதே குற்றம் என்று நினைக்க வேண்டாம். லேசாக, நினைத்த அளவுக்கு வளைந்தால் அதற்கு 'ஃபேடு' என்று மரியாதையான பேர் உண்டு. பென் ஹோகன், ஜாக் நிக்லஸ் போன்ற ஜாம்பவான்கள் விரும்பி அடித்தது அதைத்தான். நம்ம கட்டுப்பாட்டில் இருந்தால் ஃபேடு, அதன் இஷ்டத்துக்குப் போனால் ஸ்லைஸ். அவ்வளவுதான் வித்தியாசம்.

பந்தை வளைக்கிறது யாரு?

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அஸ்வின் வீசும் ஆஃப் ஸ்பின் பந்து, தரையில் படுவதற்கு முன் காற்றிலேயே வலது கை பேட்ஸ்மேனை விட்டுக் கொஞ்சம் விலகிப் போகும், கவனிச்சிருப்பீங்க. சுழலும் பந்து தன்னைச் சுற்றி இருக்கும் காற்றை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது, காற்று பந்தை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. இதற்கு 'மேக்னஸ் விளைவு' என்று பெயர். 1852-ல் இதை ஆராய்ந்த ஜெர்மன் விஞ்ஞானியின் பெயர் அது. கோல்ஃப் பந்திலும் நடப்பது இதேதான்.

கோல்ஃப் பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே பறக்கிறது. அந்தச் சுழற்சிதான் அதை மேலே தூக்குகிறது. சுழற்சியின் அச்சு தரைக்குச் சமமாக இருந்தால் பந்து நேராக மேலே ஏறும். அச்சு வலது பக்கம் சாய்ந்துவிட்டால் தூக்குகிற விசையும் சேர்ந்து வலது பக்கம் சாய்கிறது. வளைவில் பைக் சாய்ந்தால் எந்தப் பக்கம் திரும்புமோ, அந்தப் பக்கம் போவது மாதிரி. ஆக, பின்சுழற்சி தனி, பக்கச்சுழற்சி தனி என்று இரண்டு கிடையாது. இருப்பது ஒரே சுழற்சி, அதன் சாய்வுதான் பிரச்னை.

இந்த வளைவு விஞ்ஞானிகளையும் விட்டுவைக்கவில்லை. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் தொடங்கப்பட்டது 1895-ல். ஏறக்குறைய அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பீட்டர் கத்ரி டெய்ட் என்ற பேராசிரியர், கோல்ஃப் பந்தில் மெல்லிய நாடாவைக் கட்டி, களிமண்ணுக்குள் அடிக்க வைத்து, நாடா எத்தனை முறுக்கு முறுக்கியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார். பந்து எவ்வளவு சுழல்கிறது என்று கண்டுபிடிக்க அன்றைக்கு அதுதான் வழி. அவருடைய மகன் ஃபிரெடி டெய்ட், பிரிட்டிஷ் அமெச்சூர் சாம்பியன் பட்டத்தை 1896, 1898 என இரண்டு முறை வென்றவர். எலக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே.ஜே. தாம்சன்கூட 1910-ல் லண்டனில் கோல்ஃப் பந்து பறப்பதைப் பற்றியே ஒரு முழு உரை நிகழ்த்தினார்.

முகமா, பாதையா?

அச்சு எதனால் சாய்கிறது? பந்தோடு மோதும் அந்த நொடியில் இரண்டு விஷயங்களைப் பார்க்கணும். ஒன்று, மட்டையின் முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது. இன்னொன்று, மட்டை எந்தப் பாதையில் வருகிறது.

மட்டை வந்த பாதையில்தான் பந்து கிளம்பும், பிறகு முகம் பார்த்த பக்கம் வளையும் என்றுதான் பல பத்தாண்டுகளாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ரேடார் கருவிகள் வந்த பிறகு அது தப்பு என்று தெரிந்துவிட்டது. டிரைவரில் பந்து கிளம்பும் திசையை 80 சதவீதத்துக்கும் மேல் தீர்மானிப்பது மட்டையின் முகம்தான். எந்தப் பக்கம் வளையும் என்பதைத் தீர்மானிப்பது முகத்துக்கும் பாதைக்கும் உள்ள இடைவெளி. பாதையோடு ஒப்பிட்டால் முகம் வலது பக்கம் திறந்திருந்தால் பந்து வலது பக்கம் வளையும். எவ்வளவு திறந்திருக்கோ, அவ்வளவு வளைவு.

இப்போது அந்த அட்வைஸுக்கு வருவோம். உங்கள் மட்டை வெளியே இருந்து உள்ளே, அதாவது இலக்குக்கு 5 டிகிரி இடது பக்கமாக வெட்டிக்கொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முகம் இலக்கைப் பார்க்கிறது. இடைவெளி 5 டிகிரி. பந்து நேராகக் கிளம்பி வலது பக்கம் வளையும். 'இடது பக்கம் பாருங்க' என்றதும் நீங்கள் தோளைத் திருப்புகிறீர்கள். மட்டையின் பாதை இப்போது 10 டிகிரி இடது பக்கம் போகிறது. ஆனால் பந்து போக வேண்டிய இடம் உங்கள் மனசுக்குத் தெரியும், கையும் முகத்தை அந்தப் பக்கமே திருப்பி வைக்கும். இடைவெளி 10 டிகிரி ஆயிடுச்சு. அட்வைஸ் சொன்னவர் நல்ல மனசோடுதான் சொன்னார், ஆனால் கணக்கு உங்களுக்கு எதிராகப் போயிடுச்சு.

அதனால் சரிசெய்ய வேண்டிய வரிசை இதுதான்: முதலில் முகம், பிறகு பாதை. பலரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்.

உங்கள் ஸ்லைஸ் எந்த ரகம்?

பந்து எங்கே போய் விழுந்தது என்பதை விட எந்தத் திசையில் கிளம்பியது என்பதுதான் முக்கியம். செல்போனை உங்களுக்குப் பின்னால், இலக்கைப் பார்த்தபடி நிறுத்தி வீடியோ எடுத்தால் போதும்.

பந்து இடது பக்கம் கிளம்பி, திரும்பி வலது பக்கம் வந்தால், பாதை ரொம்பவே இடது பக்கம் வெட்டுகிறது என்று அர்த்தம். நேராகக் கிளம்பி வலது பக்கம் போனால், முகம் இலக்கைப் பார்க்கிறது, பாதைதான் இடது பக்கம் போகிறது. வலது பக்கமே கிளம்பி மேலும் வலது பக்கம் போனால், முகம் வாசக்கதவு மாதிரி திறந்து கிடக்குது. இந்த மூன்றாவது ரகக்காரர்கள் வேறு எதையும் தொடாமல் பிடியை மட்டும் மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

டிரைவரில் மட்டும் ஏன் இந்தப் பாடு?

"ஒன்பதாம் நம்பர் அயர்ன் நேராத்தானே போகுது, டிரைவரை எடுத்தாத்தானே இப்படி?" என்று கேட்காதவர் இல்லை. தப்பு ரெண்டிலும் இருக்கு. அயர்ன் அதை மறைக்குது, டிரைவர் காட்டிக்கொடுக்குது.

டிரைவரின் முகம் சுமார் 9 முதல் 12 டிகிரிதான் சாய்ந்திருக்கும். ஒன்பதாம் நம்பர் அயர்ன் 40 டிகிரிக்குக் கிட்டத்தட்ட சாய்ந்திருக்கும். சாய்வு அதிகமானால் பின்சுழற்சி அதிகம், அதற்குள் சின்னத் தப்பு அமுங்கிவிடும். அதே 5 டிகிரித் தப்பு, அயர்னைவிட டிரைவரில் சுழற்சி அச்சைக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு சாய்க்கும். போதாக்குறைக்கு டிரைவர் நீளமான மட்டை, வேகம் அதிகம், பந்து காற்றில் இருக்கும் தூரமும் அதிகம். வளைய நிறைய இடம் கிடைக்குது.

இன்னொரு காரணத்தை யாரும் கவனிப்பதில்லை. டிரைவருக்குப் பந்தை இடது குதிகாலுக்கு நேராக, முன்னால் வைக்கிறோம். அதை எட்ட வேண்டி வலது தோள் தன்னையறியாமல் முன்னால் வந்து, தோள்கள் இடது பக்கம் திரும்பிவிடும். ஸ்விங் தொடங்குவதற்கு முன்பே பாதை கெட்டுப்போச்சு.

மலை மேல சரி, கீழ இறங்கினா பழைய குருடி

கொடைக்கானலில் ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு தனி ஏமாற்றம் காத்திருக்கு. அந்த மைதானம் கடல் மட்டத்தில் இருந்து 2,000 மீட்டருக்கும் மேல் இருக்கிறது. மதுரைச் சமவெளி 100 மீட்டரைச் சுற்றித்தான். உயரே காற்று மெல்லிசு. மலையின் குளிர் காற்றைக் கொஞ்சம் அடர்த்தியாக்கினாலும், மதுரையின் 35 டிகிரி வெயில் காற்றோடு ஒப்பிட்டால், 15 டிகிரி குளிரில் கொடைக்கானல் காற்று சுமார் 15 சதவீதம் அடர்த்தி குறைவாகவே இருக்கும்.

பந்தை வளைப்பது காற்று. காற்று குறைந்தால் வளைவும் குறையும். அதனால் மலையில் பந்து கொஞ்சம் கூடுதல் தூரம் போகும், கீழே 30 கஜம் வளைகிற ஸ்லைஸ் அங்கே 25 கஜத்தோடு நின்றுவிடும். ஒரு வாரம் அங்கே ஆடிவிட்டு, 'ஸ்லைஸ் போயிருச்சு' என்று சந்தோஷமாக இறங்கி வந்து, சென்னை நந்தனம் மைதானத்தில் டீ மேல் பந்தை வைத்தால் பழைய வளைவு பத்திரமாகக் காத்திருக்கும். சரியானது ஸ்விங் இல்லை, காற்றுதான்.

காற்றடிக்கும் திசையும் சேர்ந்துகொள்ளும். எதிர்க்காற்றில் ஸ்லைஸ் இன்னும் மோசமாகும். தேனி, திண்டுக்கல் பக்கம் ஆடி மாசக் காற்று மேற்கில் இருந்து எப்படி அடிக்கும் என்று சொல்லவே வேண்டாம். அந்தக் காற்றில் வடக்கே பார்த்து அடிச்சா, ஏற்கனவே வலது பக்கம் போகிற பந்தைக் காற்றும் சேர்ந்து தள்ளிக்கொண்டு போயிடும்.

முதல் வைத்தியம்: பிடி

இதுக்கு மைதானமே வேண்டாம். மொட்டை மாடி போதும், பந்துகூடத் தேவையில்லை.

மட்டையை இடது கையால் பிடித்துக் குனிந்து பாருங்கள். கையின் மேல்பக்கத்தில் எத்தனை விரல் முட்டிகள் தெரிகின்றன? ஒன்று மட்டும்தான் தெரிகிறது என்றால் பிடி பலவீனமாக இருக்கிறது. இங்கே பலவீனம் என்றால் அழுத்தம் குறைவு என்று அர்த்தமில்லை, கை இடது பக்கம் அதிகமாகத் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். வேகமாகச் சுழற்றும்போது கை தன் இயல்பான நிலைக்குத் திரும்பும், அப்போது மட்டையின் முகம் திறந்துகொள்ளும். கையை வலது பக்கமாகக் கொஞ்சம் உருட்டி, இரண்டரை முதல் மூன்று முட்டிகள் தெரிகிற மாதிரி பிடியுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விழும் கோடு உங்கள் வலது தோளைப் பார்க்க வேண்டும். வலது கையிலும் அந்தக் கோடு அதே திசைதான்.

மட்டை உள்ளங்கையில் உட்காரக் கூடாது, விரல்களில் உட்காரணும். இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. இறுக்கினால் முன்கை விறைத்து, மட்டை தானாகத் திரும்பி மூடுவது தடைபடும்.

சின்ன வயசிலிருந்து கிரிக்கெட் ஆடிவிட்டு கோல்ஃபுக்கு வருகிறவர்களுக்கு இங்கே கூடுதல் சிரமம். 'பேட்டோட முழு முகத்தையும் பவுலருக்குக் காட்டு, மணிக்கட்டைத் திருப்பாதே' என்று ஸ்ட்ரெயிட் டிரைவுக்குக் கற்றுக்கொண்ட பழக்கம் கையில் ஊறியிருக்கும். கோல்ஃபில் பந்தைத் தாண்டும்போது முன்கைகள் இயல்பாகச் சுழலணும். அடித்து முடித்து மட்டை இடுப்பு உயரத்துக்கு வரும்போது அதன் நுனி வானத்தைப் பார்த்தால் சரி.

புதுப் பிடி முதல் சில நாட்கள் ரொம்ப அசௌகரியமாக இருக்கும். பந்து இடது பக்கம் பறக்கும். பயப்படாதீங்க, அது நல்ல அறிகுறி. இடது பக்கம் போகிறது என்றால் முகம் மூடக் கற்றுக்கொண்டுவிட்டது. பலரும் இந்த இடத்தில்தான் பயந்து பழைய பிடிக்குத் திரும்பி விடுகிறார்கள்.

அடுத்தது பாதை

முகம் சரியானதும் பாதையில் பாதி தானாகவே திருந்தும். பந்து இடது பக்கம் போவதைப் பார்த்த மூளை, இனி இடது பக்கம் வெட்ட வேண்டாம் என்று முடிவு செய்யும். மீதிக்கு ஒரு பழைய பயிற்சி இருக்கு. பந்துக்கு ஒரு அடி பின்னால், உங்கள் உடம்பை விட்டு விலகிய பக்கமாக, ஒரு காலி அட்டைப்பெட்டியையோ சுருட்டிய துண்டையோ வையுங்கள். பந்துக்கும் இலக்குக்கும் நேர்க்கோடு போட்டால் அதற்கு வெளியே சில அங்குலம் தள்ளி இருக்கணும். மட்டை வெளியே இருந்து உள்ளே வந்தால் பெட்டி பறக்கும். பெட்டியைத் தொடாமல் பந்தை அடிக்கப் பழகணும். ஒன்பதாம் நம்பர் அயர்னில், அரை ஸ்விங்கில் தொடங்குங்கள். அது பிடிபட்ட பிறகு டிரைவர்.

நிற்கும் நிலையையும் பாருங்கள். தோள்களுக்குக் குறுக்கே ஒரு குச்சியை வைத்தால் அது இலக்குக் கோட்டுக்கு இணையாக இருக்கணும். பந்து முன்னால் இருப்பதால், வலது தோள் இடது தோளை விடக் கொஞ்சம் தாழ்வாக, முதுகுத்தண்டு லேசாக வலது பக்கம் சாய்ந்து இருப்பதுதான் சரி. கீழே இறங்கும்போது தோளால் தொடங்காமல் இடுப்பால் தொடங்கணும். கோபமா அடிக்கும்போது முதலில் பாய்வது வலது தோள்தான்.

டீ உயரமும் ஒரு விஷயம். மட்டையைத் தரையில் வைத்தால் பந்தில் பாதி அதன் தலைக்கு மேலே தெரிய வேண்டும். டீ தாழ்வாக இருந்தால் கோடாரியால் வெட்டுவது மாதிரி மேலிருந்து அடிக்கத் தோன்றும்.

எல்லாம் சரியாக இருந்தும் வளைகிறதா? மட்டையின் முகத்தில் கொஞ்சம் டால்கம் பவுடரைத் தடவி அடித்துப் பாருங்கள், பந்து பட்ட இடம் அச்சாகத் தெரியும். தடி பொருந்தியிருக்கும் அடிப்பக்கமாகப் பட்டிருந்தால், முகம் நேராக இருந்தாலும் பந்து வலது பக்கம் வளையும். டிரைவரின் முகம் லேசாகப் புடைத்த வடிவம், தலை பெரிது. நடுவை விட்டு விலகிப் படும்போது தலை திரும்புகிறது, பல்சக்கரம் மாதிரி பந்தை எதிர்ப்பக்கம் சுழற்றிவிடுகிறது. அப்படியென்றால் ஸ்விங்கைத் தொட வேண்டாம், பந்தை விட்டு அரை அங்குலம் தள்ளி நின்றாலே போதும்.

புது மட்டை வாங்கணுமா?

அவசரப்பட வேண்டாம். ஸ்லைஸைக் குறைக்கவே குதிகால் பக்கம் எடை கூட்டிய டிரைவர்கள் கடையில் உண்டு. கொஞ்சம் உதவும், ஆனால் 10 டிகிரி இடைவெளியை எந்த மட்டையும் மூடாது. 9 டிகிரி டிரைவர் வைத்திருந்தால் 12 டிகிரிக்கு மாறுவது பலன் தரும், ஏன் என்பதை மேலேயே பார்த்தோம்.

தூரம் குறையுமே என்ற கவலையா? 2021 ஆகஸ்ட் 7 அன்று முடிந்த டோக்கியோ ஒலிம்பிக் மகளிர் கோல்ஃபில் அதிதி அசோக் நான்காவது இடம் பிடித்தார், பதக்கத்துக்கு ஒரே ஒரு அடிதான் குறைவு. டீயில் இருந்து மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் அவரும் ஒருவர். நேராக அடித்தார், பட்டிங்கில் அசத்தினார்.

போட்டி நாளில் என்ன செய்வது?

போட்டி அன்றைக்கு ரிப்பேர் வேலை வேண்டாம். டிரைவரைப் பையிலேயே வைத்துவிட்டு மூன்றாம் நம்பர் வுட்டை எடுங்கள். டீ பகுதியின் வலது ஓரத்தில் பந்தை வைத்து, மைதானத்தின் இடது பாதியைக் குறிவைத்தால் வளைவதற்கு அதிக இடம் கிடைக்கும். இது ஒரு நாளைக்கான கட்டுதான், தினமும் இப்படி ஆடினால் மேலே சொன்ன 10 டிகிரி கணக்கு வந்து நிற்கும்.

கணக்கு என்றதும் அபராதக் கணக்கையும் பார்த்துவிடலாம். பந்து எல்லைக்கு வெளியே போனாலோ, தொலைந்தாலோ, ஒரு அடி அபராதம். திரும்ப டீயில் இருந்தே அடிக்கணும், அது மூன்றாவது அடியாகக் கணக்கு. ஒரு ஆட்டத்தில் நாலு தடவை இப்படி ஆனால் எட்டு அடி வீண். 2019-ல் இருந்து பந்தைத் தேட மூன்று நிமிடம்தான் அனுமதி. தொலைந்திருக்கும் என்று சந்தேகம் வந்தால், தேடப் போவதற்கு முன்பே 'புரொவிஷனல்' என்று சொல்லி இன்னொரு பந்தை அடித்துவிட்டுப் போங்கள்.

பந்து ஆள் இருக்கும் பக்கம் வளைகிறது என்று தெரிந்த நொடியே 'ஃபோர்!' என்று தொண்டை கிழியக் கத்துங்கள், வெட்கப்பட வேண்டாம். சுமார் 46 கிராம்தான் எடை என்றாலும் தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

கொடைக்கானலில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அந்த மைதானத்தில் காட்டெருமைகள் மேய்வது சகஜம். உங்கள் ஸ்லைஸ் போய் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று நின்றுகொண்டிருந்தால், மூன்று நிமிடத்தை எல்லாம் எண்ண வேண்டாம். அந்தப் பந்தை அதுக்கே விட்டுட்டு, புரொவிஷனல் பந்தை நோக்கி நடந்துடுங்க.